கூகன்ஹைம்: நியூயார்க்கா, பில்பாவோவா?

நவீன கலை அருங்காட்சியகத்துக்குக் கட்டடத்தைப் பார்க்கவே கிளம்புகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்குக் கடைசியில் வரும் குழப்பம் இதுதான்: நியூயார்க்கின் கூகன்ஹைம் அருங்காட்சியகமா, ஸ்பெயினின் பில்பாவோவில் அதே பெயரில் இருக்கும் அருங்காட்சியகமா? ஒன்றுக்குத்தான் போக வாய்க்கும் என்றால் நான் பில்பாவோவைச் சொல்வேன். ஓவியம்தான் முக்கியம் என்பவர்களுக்கு மட்டும் என் பதில் மாறும்.

நியூயார்க் கட்டடம் ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்தது. 1943இல் பொறுப்பேற்றார்; 1959 அக்டோபரில் திறப்பு நடந்தபோது அவர் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. நடுவில் கூரைவரை திறந்த வெளி, அதைச் சுற்றிச் சுற்றி ஏறும் ஒரே சாய்தளம். லிஃப்டில் உச்சிக்குப் போய், இறங்கிக்கொண்டே படங்களைப் பார்க்க வேண்டும் என்பது ரைட்டின் எண்ணம். இப்போது பல கண்காட்சிகளைக் கீழிருந்து மேலே ஏறிப் பார்க்கும்படி அமைக்கிறார்கள். எப்படிப் போனாலும் ஒரு சுகம் உண்டு. சற்று முன்பு கிட்டத்தில் நின்று பார்த்த ஓவியத்தை, எதிர்ப்பக்கம் போனதும் அந்த வெளிக்கு அப்பாலிருந்து மறுபடி பார்க்கலாம். கிட்டத்தில் வெறும் தீற்றல்களாகத் தெரிந்தது தூரத்தில் முழுப் படமாகக் கூடிவரும். இந்த வசதி பில்பாவோவில் இல்லை.

ஆனால் சுவர் சாய்வு, தரையும் சாய்வு. படத்தை நிதானமாகப் பார்க்க இது தோதான இடமில்லை. டி கூனிங், ஃபிரான்ஸ் கிளைன் உள்ளிட்ட 21 கலைஞர்கள் 1956இலேயே எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள். அவர்கள் கவலை நியாயம்தான் என்று நினைக்கிறேன். அங்கே கண் படத்தைவிட்டுக் கட்டடத்துக்கே போய்விடுகிறது.

பில்பாவோ கட்டடம் ஃபிராங்க் கெரி வடிவமைத்தது, 1997இல் திறந்தது. நெர்வியோன் ஆற்றங்கரையில், பழைய துறைமுக நிலத்தில் நிற்கிறது. மேலே மீன் செதில்போல் சுமார் 33,000 டைட்டானியத் தகடுகள், ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லை. மேகம் மூடினால் ஒரு நிறம், வெயில் வந்தால் வேறு நிறம். கட்டடத்தின் வளைவுகளைக் கணக்கிட, விமான வடிவமைப்புக்காக உருவான காட்டியா மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். உள்ளே போவதற்கு முன் அக்கரைக்குப் போய் ஒருமுறை பார்த்துவிடுங்கள். லூயிஸ் பூர்ஷ்வாவின் பிரம்மாண்டமான சிலந்திச் சிற்பமும் ஆற்றோரத்தில்தான் நிற்கிறது.

‘வெளியே மட்டும்தான் அழகு, உள்ளே ஒன்றுமில்லை’ என்று பில்பாவோவைப் பற்றிச் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தரைத்தளத்தில் 130 மீட்டர் நீளக் கூடம் ஒன்று இருக்கிறது. ரிச்சர்ட் செராவின் எட்டு எஃகுச் சிற்பங்கள் 2005 முதல் அங்கே நிரந்தரமாக இருக்கின்றன. துருநிறச் சுவர்களுக்கு நடுவே நடக்கும்போது அவை உங்கள் மேல் சாயும், பிறகு விலகும். காலடி ஓசைகூட மாறும். தரை சமமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உடம்பு தள்ளாடும். இதை எந்தப் புகைப்படத்திலும் பிடிக்க முடியாது, நேரில் நடந்தாக வேண்டும். கட்டடமும் கலையும் ஒன்றையொன்று இப்படித் தாங்கும் இடம் நியூயார்க்கின் சாய்தளத்தில் கிடையாது. அப்புறம், பில்பாவோவின் கூடங்களில் 10 நேர்ச்சுவர் கொண்டவை. ஓவியம் மாட்டுவதிலும் சிக்கலில்லை.

சேகரிப்பு என்று பார்த்தால் நியூயார்க் வெகு முன்னால். காண்டின்ஸ்கியின் படைப்புகள் மட்டும் 150க்கு மேல், அதோடு செசான், வான்கோ, பிக்காசோ. பில்பாவோவின் சொந்தச் சேகரிப்பு பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிந்தையது. ஓவியத்துக்காகப் போகிறவர்கள் யோசிக்காமல் நியூயார்க் போகலாம். மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் அதே ஐந்தாவது அவென்யூவில் நடக்கும் தூரத்தில்தான்.

ஒன்று மட்டும் கவனியுங்கள்: கண்காட்சி மாற்றும் நாட்களில் நியூயார்க்கின் சாய்தளத்தை மூடி வைப்பதுண்டு. டிக்கெட் எடுக்கும் முன் அது திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பில்பாவோவுக்கு ஆண்டின் பெரும்பகுதி திங்கட்கிழமை விடுமுறை.