டாக்ஸ்ட்ரிங்கிலிருந்து ஆவணம்: ஸ்பிங்ஸா, பீடாக்கா, எம்கேடாக்ஸ்ட்ரிங்ஸா?

தமிழ்ச் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும் சின்ன பைத்தான் லைப்ரரி ஒன்றை எழுதிப் பராமரித்து வருகிறேன். 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று பைத்தானிடம் கேட்டால் 5 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என யூனிகோடு குறிகளைத்தான் அது எண்ணுகிறது. படிப்பவருக்கோ 3 எழுத்துகள். புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம் இது. இதை விளக்க, ஃபங்ஷனுக்குள்ளேயே எழுதும் விளக்கக் குறிப்பான டாக்ஸ்ட்ரிங்கைவிட நல்ல இடம் கிடையாது. ஃபங்ஷனின் முதல் வரிக்குக் கீழே, மூன்று மேற்கோள் குறிகளுக்குள், கோடுக்கு (நிரலுக்கு) பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். கோடை மாற்றும்போது கண்ணில் படும்.

அந்த டாக்ஸ்ட்ரிங்குகளைத் திரட்டி இணையப் பக்கங்களாக்கித் தரும் கருவிகளில் மூன்றை இதே லைப்ரரியில் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிப் பார்த்தேன்.

ஸ்பிங்ஸ் மூத்தது. பைத்தான் மொழியின் சொந்த ஆவணங்களுக்காக கியோர்க் பிராண்டல் எழுதி, 2008இல் வெளிவந்தது. அதற்கு முன் அந்த ஆவணங்கள் லேடெக் என்ற அச்சுக்கோப்பு மொழியில் இருந்தன. அடிப்படையில் ஸ்பிங்ஸ், மனிதர் உட்கார்ந்து எழுதும் நீண்ட ஆவணங்களுக்கான கருவி. டாக்ஸ்ட்ரிங்கை இழுத்து வரும் ஆட்டோடாக் அதன் நீட்சிகளில் ஒன்று. அதனால்தான் முதல் நாள் வேலை அதிகம்: கட்டமைப்புக் கோப்பை உருவாக்கி, லைப்ரரி இருக்கும் பாதையைச் சொல்லி, நீட்சிகளை இயக்கி, எந்த மாட்யூல் (லைப்ரரியின் ஒரு பகுதி) எந்தப் பக்கத்தில் வர வேண்டும் என்று எழுதித் தர வேண்டும். எனக்கு ஒரு மாலை முழுதும் அதிலேயே போனது.

பீடாக் நேர் எதிர். ஒரே கட்டளை, பக்கத்தில் மாட்யூலின் பெயர், அவ்வளவுதான். பிரவுசரில் பக்கம் திறந்துகொள்ளும். டாக்ஸ்ட்ரிங்கைத் திருத்திச் சேமித்தால் பக்கமும் புதுப்பித்துக்கொள்ளும். கட்டமைப்புக் கோப்பே வேண்டாம். மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு நடையில் எழுதலாம்.

எம்கேடாக்ஸ்ட்ரிங்ஸ் இரண்டுக்கும் நடுவில். மார்க்டவுன் கோப்புகளைத் தளமாக்கும் எம்கேடாக்ஸின் செருகுநிரல் அது. வழிகாட்டியை நாம் எழுதுகிறோம். வேண்டிய இடத்தில் மூன்று முக்காற்புள்ளி (:::) போட்டு ஃபங்ஷனின் பெயரைக் கொடுத்தால் அதன் விளக்கம் அங்கே வந்து நிற்கும்.

தோற்றம், தேடல் வசதி எல்லாம் பெரும்பாலும் ரசனை சார்ந்தவை. நான் முக்கியமாக நினைப்பது வேறு: டாக்ஸ்ட்ரிங் இல்லாத ஃபங்ஷனை இந்தக் கருவி என்ன செய்கிறது?

ஆட்டோடாக்கிடம் ஒரு மாட்யூலின் உறுப்புகளைக் காட்டு என்றால், விளக்கம் எழுதப்பட்டவற்றை மட்டும் காட்டும். மற்றவையும் வேண்டுமென்றால் தனியாகச் சொல்ல வேண்டும். எம்கேடாக்ஸ்ட்ரிங்ஸும் இயல்பாக அப்படித்தான். பீடாக் மட்டும் எல்லாவற்றையும் காட்டிவிடும்: பெயர், அளவுருக்கள், அதன் கீழே வெறுமை. முதலில் எனக்கு இது பிடிக்கவில்லை, பக்கம் அரைகுறையாகத் தெரிந்தது. அப்புறம்தான் புரிந்தது, அரைகுறையாக இருந்தது என் ஆவணம்தான். ஸ்பிங்ஸில் அழகாக இருந்த அதே லைப்ரரியில் 11 ஃபங்ஷன்கள் விளக்கமே இல்லாமல் கிடந்தன. பக்கத்தில் வராததால் அவை இருப்பதே பயனருக்குத் தெரியாது. எனக்கும் மறந்துபோனது. ஸ்பிங்ஸில் விடுபட்டவற்றைப் பட்டியலிடும் நீட்சி உண்டு, ஆனால் அதை நாமாக நினைவு வைத்து ஓட்ட வேண்டும்.

அடுத்த பெரிய வேறுபாடு, கோடை ஓட்டுவதா, வாசிப்பதா என்பது. ஆட்டோடாக்கும் பீடாக்கும் மாட்யூலை உண்மையிலேயே இம்போர்ட் செய்கின்றன, அதாவது ஏற்றி ஓட்டுகின்றன. மாட்யூலின் மேல்மட்டத்தில் டேட்டாபேஸ் இணைப்பைத் திறக்கும் வரி இருந்தால் ஆவணம் தயாராகும்போது அதுவும் ஓடும். எம்கேடாக்ஸ்ட்ரிங்ஸ் தன் கிரிஃபே என்ற துணைக்கருவியைக் கொண்டு மூலக் கோப்பைப் படித்து, கோடின் அமைப்பைக் காட்டும் தொடரியல் மரத்திலிருந்தே விவரங்களை எடுத்துக்கொள்கிறது. பொதுவாக எதையும் ஓட்டுவதில்லை.

இதில் நான் பட்ட அடி ஒன்று உண்டு. ஆவணம் தயாரிக்கும் சர்வரில் ஒரு துணை லைப்ரரியை நிறுவ மறந்துவிட்டேன். இம்போர்ட் தோற்றது. ஸ்பிங்ஸ் எச்சரிக்கை கொடுத்துவிட்டு மேலே போய்விட்டது. எச்சரிக்கைகளை நான் படிக்கவில்லை. தலைப்பு மட்டும் இருக்கும் வெற்றுப் பக்கம் ஒன்று இரண்டு வாரம் இணையத்தில் இருந்தது. எச்சரிக்கையைப் பிழையாகவே எடுத்துக்கொள் என்று சொல்லும் தெரிவு ஸ்பிங்ஸில் இருக்கிறது. ஸ்பிங்ஸைத் தேர்ந்தெடுப்பவர்கள் முதல் நாளே அதைப் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று நுணுக்கமானது. ஓர் அளவுருவின் இயல்பு மதிப்பாக 'பயனரின் ஹோம் ஃபோல்டர்' என்று கோடில் எழுதியிருந்தால், இம்போர்ட் செய்த நொடியில் அது ஆவணம் தயாரித்த கணினியின் பாதையாக மாறிவிடும். ஆட்டோடாக் அந்தப் பாதையை அப்படியே அச்சிடும். மூல வடிவத்தைக் காக்கச் சொல்லும் அமைப்பை இயக்கினால்தான் தப்பலாம். வாசித்து எடுக்கும் கருவிக்கு இந்தச் சிக்கலே வராது. மறுபக்கம், ஓடும்போது உருவாகும் ஃபங்ஷன்களை வாசிப்பு முறை தவறவிடலாம். சி மொழியில் எழுதித் தொகுத்த மாட்யூலில் படிப்பதற்குப் பைத்தான் மூலமே இருக்காது. கிரிஃபே அங்கே வேறு வழியின்றி இம்போர்ட் செய்துதான் பார்க்கும். எண்கணித லைப்ரரிகளுக்கு இது சின்ன விஷயமல்ல.

ஸ்பிங்ஸின் உண்மையான பலம் இணைப்புகளில் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்பிங்ஸ் தளமும் தன் பெயர்களின் பட்டியலை ஒரு கோப்பாக வெளியிடுகிறது. இன்டர்ஸ்பிங்ஸ் என்ற நீட்சி அதைப் படித்து, என் பக்கத்தில் நான் குறிப்பிடும் நம்பை (எண்கணித லைப்ரரி) ஃபங்ஷனை நேராக நம்பையின் ஆவணத்தோடு இணைக்கிறது. எம்கேடாக்ஸ்ட்ரிங்ஸாலும் அந்தப் பட்டியலைப் பயன்படுத்த முடியும். பீடாக்கோ ஏபிஐ விளக்கத்தோடு, அதாவது ஃபங்ஷன்கள் போன்றவற்றின் விளக்கத்தோடு நின்றுகொள்கிறது. அதைவிடச் சிக்கலான தேவை இருந்தால் ஸ்பிங்ஸைப் பாருங்கள் என்று அதன் ஆவணமே சொல்கிறது. அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

பிடிஎஃப் வேண்டுமென்றால் ஸ்பிங்ஸ்தான், அது லேடெக் வழியாக உருவாக்கித் தரும். ஆனால் என்னைப் போல டாக்ஸ்ட்ரிங்கில் தமிழ் எடுத்துக்காட்டுகள் வைத்திருப்பவர்கள் அதன் இயல்பான எஞ்சினான பிடிஎஃப்லேடெக்கை நம்ப வேண்டாம். எஞ்சினை ஸீலேடெக்குக்கு மாற்றி, தமிழ் எழுத்துரு ஒன்றையும் குறிப்பிட்டால்தான் எழுத்துகள் ஒழுங்காக வரும்.

மூன்றுக்கும் மாறி மாறிப் போனபோது என்னைக் காப்பாற்றியது கூகுள் பாணி டாக்ஸ்ட்ரிங்: அளவுருக்கள், திருப்பித் தரும் மதிப்பு ஆகியவற்றைத் தலைப்பிட்டு எளிய உரையாக எழுதும் முறை. ஸ்பிங்ஸில் நெப்போலியன் என்ற நீட்சி அதைப் புரிந்துகொள்ளும். பீடாக்கிடம் ஒரு தெரிவாகச் சொன்னால் போதும். எம்கேடாக்ஸ்ட்ரிங்ஸுக்கு அதுவே இயல்பு. விளக்கங்களை நான் திரும்ப எழுத வேண்டியிருக்கவில்லை. ஒரு ஃபங்ஷனிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இணைப்புகளை மட்டும் ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டியிருந்தது, ஏனென்றால் அதற்கு மூன்றும் மூன்று குறியீடு வைத்திருக்கின்றன. கூகுள் பாணியில் இன்னொரு நன்மை: டெர்மினலில் உதவி கேட்பவருக்கு டாக்ஸ்ட்ரிங் எழுதியபடியே தெரியும். ஸ்பிங்ஸின் சொந்தக் குறியீட்டில் வருவது போல முக்காற்புள்ளியும் பின்சாய் மேற்கோளும் (`) அடர்ந்த எழுத்தை அங்கே படிப்பது சிரமம்.

எடுத்துக்காட்டுகளைச் சோதிப்பதற்குக் கருவியே தேவையில்லை. டாக்ஸ்ட்ரிங்கில் உள்ள எடுத்துக்காட்டுகளை ஓட்டி விடையை ஒப்பிடும், பைத்தானோடு வரும் டாக்டெஸ்ட் போதும். எழுத்துப் பட்டியலை லிஸ்ட்டிலிருந்து டியூப்பிளாக மாற்றிய அன்று, பழைய விடையை வைத்திருந்த 4 எடுத்துக்காட்டுகளை அதுதான் பிடித்துக் கொடுத்தது.

சரி, எதை எடுப்பது? ஒருவரோ இருவரோ பராமரிக்கும் சின்ன லைப்ரரிக்கு, யோசிக்காமல் பீடாக். பயிற்சிப் பாடங்களும் வழிகாட்டிகளும் வளரத் தொடங்கி, குழுவில் எல்லோரும் மார்க்டவுனில் எழுதுகிறார்கள் என்றால் எம்கேடாக்ஸ்ட்ரிங்ஸ். தொகுத்த மாட்யூல்கள், பிற லைப்ரரிகளோடு நிறைய இணைப்புகள், பிடிஎஃப் ஆகியவை வேண்டுமென்றால் ஸ்பிங்ஸ், அந்த ஒரு மாலையைச் செலவழித்தாலும் தகும்.

என் லைப்ரரி இப்போது பீடாக்கில் இருக்கிறது. அந்த 11இல் 8 ஃபங்ஷன்களுக்கு விளக்கம் எழுதிவிட்டேன். மீதி மூன்றும் பெயருக்குக் கீழே வெறுமையோடு பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று கிரந்த எழுத்துகளைக் கையாள்வது, அதற்கு எடுத்துக்காட்டு தேடிக்கொண்டிருக்கிறேன்.