கைத்தடிக்குள் கத்தி, பில்லில் ‘பரிசுப் பொருள்’: நாகர்கோவிலில் நான் ஏமாந்தது

பூக்கட்டி விற்கிற குடும்பம் எங்களுடையது. விடியற்காலை மூன்றரை மணிக்கு நானும் அம்மாவும் கிளம்பித் தோவாளைச் சந்தைக்கு நடப்போம். பிச்சியும் மல்லிகையும் அந்த நேரத்தில் எடுத்தால்தான் எங்களுக்குக் கட்டுப்படியாகும். வழியில் தெருநாய்கள் ஏழெட்டு உண்டு, அது பழகிப்போன பயம். போன வைகாசியில் ஒருவன் பைக்கை மெல்ல உருட்டிக்கொண்டு இரண்டு நாள் எங்கள் பின்னாலேயே வந்தான். மூன்றாம் நாள், வரமாட்டேன் என்று அம்மா திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதனால்தான் நாகர்கோவிலில் தற்காப்புச் சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. “பயப்படாத மக்ளே, இது ரெண்டும் கையில இருந்தா ஒருத்தன் கிட்ட வரமாட்டான். லைசன்ஸ் ஒண்ணும் வேண்டாம், எல்லாம் சட்டப்படிதான்” என்றார் கடைக்காரர். பெப்பர் ஸ்பிரே 450 ரூபாய். ஒரு கைத்தடி 1,800 ரூபாய், பிடியைத் திருகி இழுத்தால் உள்ளேயிருந்து கத்தி வரும். அம்மாவுக்கு முட்டுவலி, எப்படியும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறாள், ரெண்டுக்கும் ஆகுமே என்று நினைத்தேன்.

ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம். அத்தனை காற்றாலைகளை அங்கே நட்டு வைத்திருப்பதே அந்தக் காற்றை நம்பித்தான். அப்படி ஒரு நாள் நாய்கள் சுற்றி வளைத்தபோது ஸ்பிரேயை அழுத்தினேன். பீச்சி அடிக்கவில்லை. ‘உஸ்’ என்று ஒரு சத்தம், மெல்லிய தூறல், அவ்வளவுதான். அந்தத் தூறலையும் காற்று அப்படியே திருப்பி அம்மா முகத்தில் அடித்தது. அம்மா ரோட்டிலேயே உட்கார்ந்து முந்தானையால் கண்ணைக் கசக்க ஆரம்பித்தாள். கசக்கக் கசக்க எரிச்சல் கூடியது. பூவுக்குத் தெளிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீர் முழுவதையும் கண்ணில் ஊற்றினேன். கண் திறக்க அரை மணி நேரம் ஆனது. (யாருக்காவது பட்டால் கசக்க விடாதீர்கள், நல்ல தண்ணீரை நிறைய ஊற்றிக் கழுவிக்கொண்டே இருங்கள்.)

வீட்டுக்கு வந்து டப்பாவை வெளிச்சத்தில் பார்த்தேன். தேதி ஒட்டியிருந்த தாளின் ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டினால் அடியில் இன்னொரு தேதி. நான் வாங்குவதற்கு 14 மாதம் முன்பே காலாவதியாகியிருக்கிறது. நாளானால் உள்ளே இருக்கும் வாயு அழுத்தம் குறைந்துவிடும், அதனால்தான் பீச்சவில்லை. புகைபோல் பரவும் வகை, காற்றுள்ள இடத்துக்கு ஆகாது, நேராகத் தாரையாகப் போகிற வகையும் ஜெல் வகையும் இருக்கின்றன என்பதையும் அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். எந்த ஊர், எந்த நேரம் என்று கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அதைவிடப் பெரிய ஆபத்து கைத்தடியில் இருந்தது. எங்கள் தெரு வக்கீல் அண்ணன் அதை உருவி டேப் வைத்து அளந்தார். அலகு 13 அங்குலம். 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும் 2016 விதிகளின் ஆயுதப் பட்டியலில், உள்ளே வாள் ஒளித்த கைத்தடி பெயர் சொல்லியே இருக்கிறதாம். அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளும் அதே பட்டியலில் வருகின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்த கத்திகளுக்கு விலக்கு உண்டு. அரிவாள்மணையும் ரப்பர் பால் வெட்டுகிற கத்தியும் அப்படித்தான் தப்பிக்கின்றன. “சோதனையில இது அகப்பட்டா, கடைக்காரன் சொன்னான்னு சொன்னா எடுபடாது தங்கச்சி” என்றார். அவரே கூட வந்து ஸ்டேஷனில் ஒப்படைக்க வைத்தார், எழுதியும் வாங்கிக்கொண்டோம்.

தற்காப்பு உரிமை உண்மையிலேயே நமக்கு இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் அதற்குத்தான். ஆனால் ஆபத்தைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் அடிக்கக் கூடாது, போலீஸை அழைக்க அவகாசம் இருந்தால் அந்த உரிமையைக் கோர முடியாது. லைசன்ஸ் வேண்டாத ஸ்பிரேகூட விளையாட்டுச் சாமான் இல்லை. இடத் தகராறில் ஸ்பிரே அடித்ததாகப் போடப்பட்ட ஒரு வழக்கை 2024-இல் கர்நாடக உயர்நீதிமன்றம் ரத்து செய்ய மறுத்து, ஸ்பிரேயை ஆபத்தான ஆயுதமாகவே பார்த்தது. இதையெல்லாம் சொல்லித்தான் விற்க வேண்டும்.

கடைக்குத் திரும்பப் போனேன். “காத்துக்கு எதிரா அடிச்சா நான் என்ன செய்ய?” என்றார். பில்லை எடுத்து நீட்டினேன். அதில் ‘பரிசுப் பொருள் – 2’ என்றுதான் இருந்தது. வாங்கிய அன்றே நான் அதைப் படித்திருக்க வேண்டும். பொருளின் பெயர், தயாரிப்பு எண், காலாவதித் தேதி மூன்றையும் எழுதித் தராத கடையில் இந்த மாதிரிச் சாமான் வாங்காதீர்கள். தேதித் தாளை அங்கேயே நகத்தால் தடவிப் பாருங்கள்.

1915-க்கு அழைத்து நுகர்வோர் புகார் பதிந்தேன், அப்புறம் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுத்திருக்கிறேன். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரைக்கும் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். என்னிடம் டப்பா இருக்கிறது, சுரண்டிய தாளின் போட்டோ இருக்கிறது.

அம்மா பழையபடி பூவரசுக் கம்பை ஊன்றிக்கொண்டு வருகிறாள். இப்போது சந்தைக்கு ஐந்து பேர் சேர்ந்தே கிளம்புகிறோம். பைக்கில் பின்னால் வந்தவன் மறுபடி வந்த அன்று அவசர உதவி எண் 112-ஐ அழைத்தோம், வண்டி நம்பரையும் சொன்னோம். உங்கள் வீட்டிலும் ‘பரிசுப் பொருள்’ என்று எழுதிய பில் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள், டப்பாவோடு சேர்த்து வையுங்கள்.