அமுக்குற போனா, டச் போனா: நோக்கியா 105 ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

மணப்பாறைப் பக்கம் கிணற்றுப் பாசனத்தில் விவசாயம் செய்யும் என் தந்தைக்கு வயது 74. மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருக்குப் பதினைந்தாயிரம் ரூபாயில் ஒரு டச் போன் வாங்கிக் கொடுத்தேன். சென்ற ஆண்டு அவரே, "பழைய மாதிரி அமுக்குற போனே ஒண்ணு வாங்கியா தம்பி" என்றார். 2023 மே மாதம் 1,299 ரூபாய்க்கு அறிமுகமான நோக்கியா 105 மாதிரியை வாங்கினேன். இப்போது வீட்டில் இரண்டும் இருக்கின்றன. இரண்டும் தினமும் பயன்படுவதால், விளம்பர அட்டையில் உள்ள வசதிகளை எண்ணிப் பார்க்காமல் அனுபவத்தைக் கொண்டே ஒப்பிட முடிகிறது.

டச் போனை அவர் ஏன் ஒதுக்கினார் என்பது முதலில் எனக்கு விளங்கவில்லை. பார்வைக் குறைவு என்று எண்ணி எழுத்துகளைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். காரணம் கண்ணில் இல்லை, விரலில் இருந்தது. இன்றைய தொடுதிரைகள் அழுத்தத்தை அறிவதில்லை. கண்ணாடிக்கு அடியிலுள்ள மெல்லிய மின்புலத்தில் விரல் பட்டதும் ஏற்படும் மாற்றத்தையே அவை அளக்கின்றன. ஐம்பது ஆண்டுகளாக மண்வெட்டி பிடித்துத் தோல் தடித்துக் காய்ந்துபோன விரல், அந்த மாற்றத்தைப் போதிய அளவில் உண்டாக்குவதில்லை. ஈரக் கையோடு தொட்டாலோ, நீர்த்துளிகளையும் விரல் என்றே திரை எடுத்துக்கொள்கிறது. பச்சை வட்டத்தை நாலைந்து முறை இழுத்தும் அழைப்பை எடுக்க முடியாமல், பிழை தம்முடையது என்று அவர் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பொத்தானுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. அழுத்தினால் அழுந்துகிறது, அழுந்தியதை விரலும் உணர்கிறது.

எங்கள் கிணற்று மோட்டாரில் சிம் போட்ட மொபைல் ஸ்டார்ட்டர் பொருத்தியிருக்கிறோம். மும்முனை மின்சாரம் வந்த பிறகு அதை அழைத்து, எண் பொத்தானை அழுத்தினால் மோட்டார் ஓடும். இன்னோர் எண்ணை அழுத்தினால் நிற்கும். நள்ளிரவில் கட்டிலில் படுத்தபடி, கண்ணாடி அணியாமல், தடவிப் பார்த்தே இதைச் செய்ய நோக்கியா 105-இல் முடிகிறது. வரப்பில் நடக்க டார்ச்சும் உண்டு. 2003-இல் வந்து உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்ற நோக்கியா 1100-க்குப் பெயர் வாங்கித் தந்ததும் அந்த டார்ச்தான்.

மின்கலம் குறித்து அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பட்டன் போனில் இருக்கும் மின்கலத்தின் கொள்ளளவு 1,000 எம்.ஏ.எச்., டச் போனில் 5,000. ஆயினும் சின்னது நாலைந்து நாள் தாங்குகிறது, பெரியது மறுநாள் மாலைக்குள் சார்ஜரைத் தேடுகிறது. பெரிய திரைக்கும், யாரும் தொடாதபோதும் இணையத்தோடு பேசிக்கொண்டே இருக்கும் செயலிகளுக்கும் தீனி போட்டாக வேண்டுமல்லவா!

"பேசுவதற்குப் பட்டன் போன்தான் சிறந்தது" என்று பலரும் சொல்வதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். நோக்கியா 105 இரண்டாம் தலைமுறை (2ஜி) அலைவரிசையில் இயங்குவது. அதில் குரலின் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு) வரையிலான பகுதியே கடத்தப்படுகிறது. 4ஜி வழியே பேசும் ஸ்மார்ட்போன் ஏறத்தாழ 7,000 ஹெர்ட்ஸ் வரை கடத்துவதால், 'ச', 'ஸ' போன்ற உயர் அதிர்வு ஒலிகள்கூடத் தெளிவாகக் கேட்கின்றன. இது 2ஜி போன் என்பதால் வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஜியோவுக்கு 2ஜி சேவையே கிடையாது, எனவே அதன் சிம் இந்தப் போனில் வேலை செய்யாது. அந்தச் சிம்தான் வேண்டும் என்றால் 4ஜி பட்டன் போனாகப் பார்த்து வாங்க வேண்டும்.

பணம் செலுத்தும் இடத்தில்தான் பட்டன் போன் உண்மையிலேயே தடுமாறுகிறது. 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தொடங்கிய யு.பி.ஐ. 123பே வசதியால், இணையம் இன்றி, ஓர் எண்ணை அழைத்துக் குரல் சொல்லும் வழியில் பொத்தான்களை அழுத்திப் பணம் அனுப்பலாம். ஒருமுறைக்கான உச்சவரம்பும் 5,000 ரூபாயிலிருந்து 10,000 ஆக உயர்ந்துவிட்டது. ஏற்பாடு நல்லதுதான். ஆனால் உரக்கடை மேசையில் நிற்பதோ கியூஆர் அட்டை. அதைப் படம் பிடிக்க இந்தப் போனில் கேமராவே இல்லை. கடைக்காரரின் எண்ணைக் கேட்டு, அழைத்து, தொகையையும் ரகசிய எண்ணையும் அழுத்தி முடிப்பதற்குள் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். தந்தை இப்போது ரொக்கத்தோடுதான் கடைக்குப் போகிறார். தமிழக அரசின் உழவன் செயலியில் சந்தை விலை பார்ப்பதற்கும், நோய் கண்ட இலையைப் படமெடுத்து வேளாண் அலுவலருக்கு அனுப்புவதற்கும், பெங்களூரில் உள்ள பேத்தியின் முகம் பார்ப்பதற்கும் டச் போன் இல்லாமல் தீராது.

இந்த இரண்டு வகைப் போன்களையும் தயாரித்த ஊர் ஸ்ரீபெரும்புதூர் என்பதை இவ்விடத்தில் சொல்லத் தோன்றுகிறது. 2006-இல் திறந்து 2014-இல் மூடப்பட்ட நோக்கியா ஆலையும் அங்கேதான் இருந்தது. இன்று ஐபோன்கள் பொருத்தப்படுவதும் அவ்வட்டாரத்தில்தான்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நினைத்ததே என் தவறு. எந்தப் போனில் எந்தச் சிம் இருக்க வேண்டும் என்று யோசித்திருக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகை, வாகன அபராதம் என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் வரும் போலிச் செயலிகளை நிறுவிவிட்டால், அவை அந்தப் போனுக்கு வரும் ஓ.டி.பி. குறுஞ்செய்திகளைப் படித்துவிடக்கூடும். ஆகவே வங்கிக் கணக்கோடு இணைத்த தந்தையின் எண்ணைப் பட்டன் போனில் போட்டுவிட்டேன். அங்கே எந்தச் செயலியையும் நிறுவ வழியில்லை. டச் போனில் அம்மாவின் எண் இருக்கிறது, கியூஆருக்காகச் சிறு தொகை வைத்த அவருடைய கணக்கு மட்டும் அதில் இயங்குகிறது. ஓ.டி.பி.யைக் கேட்டு வாயால் ஏமாற்றும் அழைப்புகளுக்கு மட்டும் பட்டன் போனும் அரண் ஆகாது என்பதால், சைபர் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அதில் பதிந்து வைத்திருக்கிறேன்.

இரண்டு சிம்முக்கு ரீசார்ஜ் செய்வது சுமைதான். டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டங்களைத் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட்ட பிறகு நிறுவனங்கள் அவற்றைக் கொண்டுவந்தன. தந்தையின் எண்ணுக்கு அதில் ஒன்றைத்தான் போடுகிறோம். ரீசார்ஜ் கடையில் திட்டத்தின் பெயர் சொல்லிக் கேட்டால்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.