காஸ்டிக் பொடியா, ஸ்பிரிங் கம்பியா?

மார்கழிக் குளிர் தொடங்கியதும் எங்கள் சமையலறை சிங்க்கில் தண்ணீர் நின்றுவிடும். வீடு கோபிச்செட்டிபாளையத்துக்குச் சற்று வெளியே இருக்கிறது. எல்லாப் புழக்கத்துக்கும் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர்தான். காங்கேயத்திலிருந்து வாங்கி வரும் தேங்காய் எண்ணெயில் பாதிச் சமையல் நடக்கிறது. ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே போனால் அந்த எண்ணெய் உறைந்துவிடும். அலமாரிப் புட்டிக்குள் வெள்ளையாக இறுகுவது குழாய்க்குள்ளும் இறுகுகிறது. அதன்மேல் தோசை மாவும் ராகிக் களியும் வந்து ஒட்டிக்கொள்கின்றன. இரண்டு வருடம் இந்த அடைப்பைக் கரைக்கக் காஸ்டிக் பொடியை நம்பினேன். மூன்றாம் வருடம் குழாய்க்குள் விட்டுச் சுழற்றும் ஸ்பிரிங் கம்பிக்கு மாறினேன். இனிப் பொடிப் பக்கம் போவதாக இல்லை.

பொடி வேலை செய்யாது என்று சொல்ல மாட்டேன். பாக்கெட்டில் வருவது பெரும்பாலும் சோடியம் ஹைட்ராக்சைடு. தண்ணீர் பட்டதும் சூடேறும், கொழுப்பைச் சோப்பாக மாற்றும், முடியையும் அரித்துக் கரைக்கும். கோவையில் அக்கா வீட்டில் கண்ணாலேயே பார்த்தேன். பொடியைப் போட்டு அரை மணி நேரம் கழித்துத் தண்ணீர் விட்டதும் அது சுழித்துக்கொண்டு இறங்கியது. "கையில் அழுக்குப் படாமல் வேலை முடிந்துவிட்டது, பார்த்தாயா தம்பி?" என்றார் அக்கா. அதை நம்பித்தான் நானும் வாங்கினேன்.

எங்கள் வீட்டிலும் இறங்கியது. ஆனால் இருபது நாளில் மறுபடி நின்றது. இன்னொரு பாக்கெட் போட்டேன், பதினைந்து நாள் தாங்கியது. கடைசியில் பிளம்பர் அண்ணனை அழைத்தேன். அவர் சிங்க்கைத் தொடவே இல்லை. வெளிச்சுவரை ஒட்டிப் போகும் குழாயை வளைவுக்கு அருகில் அறுத்தார். உள்ளே சாம்பல் நிறத்தில், சுண்ணாம்பு பூசியதுபோல ஒரு பூச்சு. நடுவில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத்தான் வழி. "மேலே இருந்ததைத்தான் இங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறீர்கள்" என்றார்.

அக்கா வீட்டில் பலித்தது இங்கே பலிக்காததற்குக் காரணம் தண்ணீர். அங்கே சிறுவாணித் தண்ணீர், மென்மையானது. பொடி உண்டாக்கிய சோப்பு அதில் கரைந்து ஓடிவிடும். எங்கள் ஆழ்துளைத் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். சோப்பு அவற்றோடு சேர்ந்தால் கரையாத பிசுக்காகத் திரியும். குளியலறை வாளியின் உட்புறம் வெள்ளையாகப் படிகிறதே, அதே பிசுக்குத்தான். பொடி கொழுப்பை இளக்கி நகர்த்துகிறது. போகிற வழியில் உப்புத் தண்ணீர் அதை மறுபடி கெட்டியாக்குகிறது. ஏற்கெனவே படிந்த சுண்ணாம்பைக் காஸ்டிக் கரைப்பதும் இல்லை. அதனால் அடைப்பு கைக்கு எட்டும் இடத்திலிருந்து எட்டாத இடத்துக்குக் குடிபெயர்கிறது. உப்புத் தண்ணீர் வீட்டுக்காரர்கள் மற்ற எல்லாவற்றையும்விட இந்த ஒன்றை யோசித்துப் பார்க்க வேண்டும். எங்களைப் போலச் சிங்க் தண்ணீரைப் பின்பக்கத் தென்னைக்கு விடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பொடியில் உள்ள சோடியம் மண்ணில் சேர்ந்தால் மண் இறுகும், வேருக்கும் நல்லதல்ல.

சமையல் சோடாவும் வினிகரும் நுரைப்பது பார்க்க அழகாக இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்துவிடுவதால் மிஞ்சுவது உப்புக் கரைசல்தான். லேசான நாற்றத்துக்கு உதவலாம், அடைப்புக்கு உதவாது. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றுவதும் வேண்டாம், பிவிசி குழாய் அந்தச் சூட்டில் இளகி மூட்டு விட்டுப்போகும். கை பொறுக்கும் சூட்டில் ஊற்றினால் உறைந்த எண்ணெய் இளகும். பெரிய அடைப்பு அசையாது. ரப்பர் பம்ப் பரவாயில்லை. ரப்பர் கிண்ணம் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நின்றால்தான் அது பிடிக்கும். வாஷ்பேசின் என்றால் மேலே உள்ள வழிந்தோடும் துளையை ஈரத்துணியால் அடைக்க வேண்டும். அதை அடைக்காமல் எத்தனை முறை அழுத்தினாலும் காற்று அந்த வழியாகப் போய்விடும்.

கம்பி விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து மீட்டர் நீளச் சுருள் கம்பி, ஒரு முனையில் சுழற்றும் கைப்பிடி. நான் கொடுத்த விலை 350 ரூபாய். ஆனால் கம்பியை எடுப்பதற்கு முன்பே பாதி வேலையை முடித்துவிடலாம். சிங்க்குக்கு அடியில் வாளியை வைத்து, அங்கே குப்பிபோலத் தொங்கும் பாட்டில் டிராப்பின் அடிமூடியைக் கையால் திருகிக் கழற்றினால் அழுக்கு அத்தனையும் வாளிக்குள் விழும். முதல் முறை நாற்றம் குடலைப் புரட்டியது உண்மை. ஆனால் எவ்வளவு வெளியே வந்தது என்று கண்ணுக்குத் தெரிகிறது. அப்புறம் கம்பியைச் சுவருக்குள் போகும் குழாயில் விட்டு, முட்டும் இடத்தில் தள்ளாமல் வலப்பக்கமாகச் சுழற்ற வேண்டும். சிக்கியதை இழுத்து வெளியே எடுக்கலாம். சிங்க்குக்கு அடியில் நெளிகுழாய் போட்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டு வழவழப்பான குழாய் மாட்டிவிடுங்கள். ஒவ்வொரு நெளிவிலும் எண்ணெய் தங்குகிறது.

குளியலறையில் கம்பிக்கு ஈடே இல்லை. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் முடிந்ததும் அரப்புத்தூளும் முடியும் எண்ணெயும் சேர்ந்து தரையில் தண்ணீர் இறங்கும் குழியான நானி டிராப்பில் கயிறுபோலத் திரண்டுவிடும். ஜல்லடையைத் தூக்கிக் கம்பியைச் சுழற்றினால் அது ஒரே உருவலாக வரும். குளியல் தொட்டியில் ஒரே ஒருமுறைதான் செய்திருக்கிறேன், அதுவும் அக்கா குடியிருக்கும் அடுக்குமாடியில். அங்கே முடி அடைப்பானுக்கு அடியிலேயே சுற்றியிருந்தது. அடைப்பானைக் கழற்றி வளைத்த கம்பியால் எடுத்தது போதுமானதாக இருந்தது. எல்லாத் தொட்டிக்கும் அப்படித்தான் என்று அதை வைத்துச் சொல்ல மாட்டேன்.

மென்தண்ணீர் வீடு, குழாயும் குட்டை, குனிந்து கழற்ற முடியாத முதியவர்கள் மட்டும் இருக்கிறார்கள் என்றால் பொடியைக் குறை சொல்ல மாட்டேன். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, சொன்ன அளவே போடட்டும். அது பலிக்கவில்லை என்று அதன்மேல் ஆசிட்டை மட்டும் ஊற்றிவிடக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் கொதித்து முகத்தில் தெறிக்கும். பொடி போட்ட குழாயைக் கழற்ற யாரையாவது கூப்பிட்டால், போட்டிருப்பதை முதலில் அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இந்த மார்கழியில் டிராப்பை இரண்டு முறை கழற்றினேன். இரண்டாம் முறை எல்லாம் முடிய பத்து நிமிடம் ஆனது. திரும்ப மாட்டும்போது ரப்பர் வாஷர் தன் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று மட்டும் விரலால் தடவிப் பாருங்கள். அது மடிந்திருந்தால் விடியும்போது அலமாரிக்குள் தண்ணீர் நிற்கும்.