விசில் அடிக்காத குக்கர்: ஸ்லோ குக்கருடன் சில வருடங்கள்

மிதமான சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கிற மின்சாரச் சட்டிதான் ஸ்லோ குக்கர். பிரஷர் குக்கர் இருக்கிற வீட்டுக்கு இது எதற்கு என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். சீக்கிரம் சமைக்க வேண்டும் என்று வாங்குவதாக இருந்தால் வேண்டவே வேண்டாம். அரை மணி நேரத்தில் குக்கரில் வெந்துவிடும் மட்டன் இதில் 'லோ'வில், அதாவது குறைந்த சூட்டில், எட்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்த எட்டு மணி நேரமும் யாரும் பக்கத்தில் நின்று விசில் எண்ண வேண்டாம், கிளறவும் வேண்டாம். இருவரும் வேலைக்குப் போகிற எங்கள் சென்னை வீட்டில் இது நீடித்து ஓடுவதற்கு அதுதான் காரணம்.

இந்தச் சாதனம் பிறந்த கதையும் அதுவேதான். யூதர்கள் தங்கள் வாராந்திர ஓய்வு நாளான சபாத்தில் நெருப்பு மூட்டக் கூடாது. அதனால் லித்துவேனியாவில் பயறும் கறியும் சேர்த்த சட்டியை முந்தின நாளே ரொட்டிக்கடை அடுப்பில் வைத்துவிடுவார்களாம். தன் அம்மா சொன்ன இந்தக் கதையை வைத்துத்தான் சிகாகோவில் இர்விங் நாக்ஸன் என்பவர் மின்சாரச் சட்டியை வடிவமைத்தார். காப்புரிமை 1940-ல் கிடைத்தது. அதை வாங்கிய ரைவல் கம்பெனி 1971-ல் 'கிராக் பாட்' என்று விற்கத் தொடங்கியது.

சரி, எதை வாங்குவது? முதலில் அளவு. பாத்திரம் பாதியிலிருந்து முக்கால் வரை நிரம்பினால்தான் ஒழுங்காக வேகும். நான்கு பேருக்கு மூன்றரை லிட்டர் போதும். விருந்தாளியை நினைத்து ஆறு லிட்டர் வாங்கினால் தினசரிக் குழம்பு அடியில் ஒட்டிக் காய்ந்துபோகும். அடுத்தது, டைமர் வைத்த டிஜிட்டலா, வெறும் நாப் திருகுகிறதா? நம் ஊருக்கு நாப்தான். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் நாப் வைத்தது தானாக வேலையைத் தொடரும். டிஜிட்டலில் பல மாடல்கள் அப்படியே அணைந்து நிற்கும். மாலையில் வந்து பார்த்தால் வெதுவெதுப்பில் கிடந்த கறி. அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். இது 200 வாட் அளவில்தான் இழுக்கும் என்பதால் சாதாரண பிளக் போதும், இன்வெர்ட்டர் லைனில் போட்டால் சின்ன கரண்ட் கட்டைத் தாங்கிவிடும். எட்டு மணி நேரம் ஓடினாலும் செலவு ஒன்றரை யூனிட் சொச்சம்தான்.

எங்கள் வீட்டில் இதற்கென்றே ஒதுங்கிவிட்ட வேலைகள் இரண்டு. முதலாவது ஆட்டுக்கால் சூப். சனிக்கிழமை இரவு சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டை வாணலியில் நன்றாகச் சிவக்க வதக்கி, தட்டிய மிளகு சீரகத்தோடு கால்களைப் போட்டு, கொதிக்கிற தண்ணீர் ஊற்றி 'லோ'வில் வைத்துவிடுவேன். காலையில் மூடியைத் திறந்தால் மேலே மெல்லிய கொழுப்பு ஏடு, அடியில் கரண்டி பட்டாலே எலும்பை விட்டு நழுவுகிற ஜவ்வு. "விசில் சத்தமே இல்லாம இது எப்படிம்மா வெந்துச்சு?" என்று முதல் தடவை அத்தை நம்பவே இல்லை. இப்போது கால் வாங்கி வரச் சொல்வதே அவர்தான்.

அந்த வதக்கலை மட்டும் தவிர்க்க முடியாது. இதன் சூடு கொதிநிலையைத் தாண்டாது, அதனால் வெங்காயம் இதில் சிவக்காது, மிளகாய்த்தூளின் பச்சை வாசனையும் முழுதாகப் போகாது. ஆவி வெளியே போகாததால் வழக்கமான தண்ணீரில் கால் பங்கைக் குறைக்கணும். பட்டை, கிராம்பைப் பாதி போட்டாலே போதும், மணி நேரக் கணக்கில் ஊறி ஆளைத் தூக்கும். தேங்காய்ப்பால் கடைசி அரை மணியில்தான், முன்னாடியே ஊற்றினால் திரிந்துவிடும்.

இரண்டாவது வேலை கொண்டைக்கடலை. இரவு ஊறவைத்ததைக் காலையில் போட்டுவிட்டுப் போனால் மாலையில் தாளித்துக் கொட்டுவது மட்டும் பாக்கி. ஆனால் போர் தண்ணீரில் கடலை பிடிவாதமாக வேகாமல் கிடக்கும். அந்தத் தண்ணீரில் இருக்கும் கால்சியம் தோலை இறுக்கிவிடுகிறது. கேன் தண்ணீர் ஊற்றுங்கள். புளியும் தக்காளியும் கடலை மெத்தென்று ஆன பிறகுதான்.

ராஜ்மா விஷயத்தில் மட்டும் விளையாடாதீர்கள். பச்சை ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் நச்சு ஸ்லோ குக்கரின் மிதமான சூட்டில் அழியாமல் போகலாம். அரைகுறையாக வெந்தது பச்சையை விட மோசம். வாந்தி, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் அடுப்பில் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே இதில் போடுங்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கறியையும் அப்படியே போடக் கூடாது, சூடேற நேரமாகி அதற்குள் கிருமி பெருகிவிடும்.

சாம்பார், மீன் குழம்பு, வெண்டைக்காய் எல்லாம் இதில் வீண். துவரம்பருப்பு மூன்று விசிலில் வெந்துவிடுகிறது, அதற்கு எதற்கு அரை நாள்? கழுவுவதும் கொஞ்சம் பாடுதான். பீங்கான் பாத்திரம் கனம், சூட்டோடு குழாயடியில் காட்டினால் விரிசல் விடும், ஆறவிட்டுத்தான் தொட வேண்டும். அப்புறம், மூடியை அடிக்கடி திறந்து எட்டிப் பார்க்கிற ஆள் வீட்டில் இருந்தால் சொல்லிவையுங்கள்: ஒவ்வொரு தடவையும் இருபது நிமிடமாவது கூடும்.

மாலை ஆறு மணிக்கே ஒருவர் வீடு திரும்பிவிடுகிற, சைவம் மட்டும் சமைக்கிற குடும்பம் என்றால் இதை வாங்காதீர்கள். பிரஷர் குக்கருக்குப் புது கேஸ்கெட் வாங்கிப் போட்டால் போதும்.