ஹம்வி டிரெய்லரும் பாலைவன முகாமும்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பின்

அமெரிக்க இராணுவம் ஹம்வி வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துவந்த எம்1102 வகைச் சரக்கு டிரெய்லர் ஒன்றை உபரி ஏலத்தில் வாங்கி, கலிஃபோர்னியாவின் பாலைவனங்களிலும் சியரா நெவாடா மலையின் கிழக்குப் பக்கத்திலும் குடும்பத்தோடு முகாமிடுவதற்காகச் சில வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். இதுபோல ஒன்றை வாங்கலாமா என்று கேட்கும் நண்பர்களிடம், அதில் ஏற்றுவதற்கு உங்களிடம் எவ்வளவு பாரம் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்கிறேன். விலை, டயர், பிரேக் ஆகியவற்றைப் பற்றிய பேச்செல்லாம் அந்தக் கேள்விக்குப் பிறகுதான்.

உபரிச் சந்தையில் கிடைக்கும் டிரெய்லர்களில் மூன்று வகைகளை அடிக்கடி பார்க்கலாம். பழைய எம்151 ஜீப்புக்காகச் செய்யப்பட்ட கால் டன் எம்416 மிகச் சிறியது. ஜீப் வைத்திருப்பவர்கள் அதைத்தான் தேடி அலைகிறார்கள். முக்கால் டன் எம்101 இரும்பாலானது, அதிர்வைத் தாங்கப் பட்டை வில் கொண்டது. நான் வாங்கிய எம்1102-க்கும் அதன் இணையான எம்1101-க்கும் உடல் அலுமினியம். இரண்டும் வெளித்தோற்றத்தில் ஏறத்தாழ ஒன்றே. சரக்கோடு சேர்த்து எம்1101-க்கு 3,400 பவுண்டும் எம்1102-க்கு 4,200 பவுண்டும் உச்ச எடையாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. காலியாக இருக்கும்போது வண்டி ஏறக்குறைய 1,460 பவுண்டு, அதாவது 660 கிலோ இருக்கும். ஆக, எம்1102-இல் 1,200 கிலோவுக்கு மேல் ஏற்றலாம் என்று ஆகிறது. கேட்பதற்கு மகிழ்ச்சியாக இருக்கும் இந்த எண்ணில்தான் சிக்கலும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஏலத்தில் எடுக்கும் பொருள் இருந்த இடத்தில் இருந்த நிலையிலேயே நமக்குச் சொந்தமாகிறது. பின்னால் குறை சொல்லிப் பயனில்லை. ஏலத் தொகைக்கு மேல் வாங்குவோர் கட்டணமும் வரியும் சேரும். முன்பதிவு செய்த நாளில் கிடங்குக்குப் போய் வண்டியை நாமே எடுத்து வர வேண்டும். உரிமைப் பத்திரத்துக்குப் பதிலாக எஸ்எஃப்-97 என்ற அரசுச் சான்று தரப்படுகிறது. அது பணம் கட்டிய அன்றே கைக்கு வருவதில்லை என்பதால், அடுத்த மாதப் பயணத்தை நம்பி இந்த மாதம் ஏலம் கேட்க வேண்டாம். கலிஃபோர்னியாவில் அந்தச் சான்றோடு வண்டி எண்ணை நேரில் சரிபார்த்த தாளும் இருந்தால்தான் எண் பலகை கிடைக்கும். எண் பொறித்த தகடு வண்டியில் உறுதியாக இருக்கிறதா, அதில் உள்ள எண்ணும் சான்றில் உள்ள எண்ணும் ஒன்றா என்று கிடங்கை விட்டுக் கிளம்பும் முன்பே பார்த்துவிடுவது நல்லது.

பார்க்க வேண்டியவற்றில் டயருக்கே முதலிடம் தருவேன். ஹம்வியில் உள்ள அதே சக்கரங்கள்தான் இதிலும் இருக்கின்றன: 37 அங்குல உயரம், 12.5 அங்குல அகலம், 16.5 அங்குல ரிம். தரையைப் பிடிக்கும் கட்டைகள் தேயாமல் புதிதுபோல் தெரியும் டயர் கிடங்கு வெயிலில் பல வருடம் நின்றதாக இருக்கலாம். பக்கச்சுவரில் பொறித்திருக்கும் நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் சொல்லும். எனக்கு வந்த வண்டியில் ஒரு டயர் மற்றொன்றைவிடப் பல வருடம் மூத்தது. விரலால் வளைத்துப் பார்த்தபோது பக்கச்சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் வரிசையாக வாய் திறந்தன. இரண்டையும் மாற்றிவிட்டேன்.

இந்த 16.5 அங்குல அளவு பொதுச் சந்தையில் ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. அரை அங்குலம்தானே என்று 16 அங்குல டயரை அந்த ரிம்மில் ஏற்றப் பார்ப்பது உயிரோடு விளையாடுவதாகும். ரிம்மில் டயர் உட்காரும் சரிவு வேறு என்பதால், காற்று நிரப்பும்போதே டயரின் உள்விளிம்புக் கம்பி அறுந்து வெடிக்கக்கூடும். ஹம்வி ரிம் இரண்டு துண்டுகளை போல்ட் போட்டு இணைத்தது என்பதையும் மறக்கக் கூடாது. காற்றை முழுவதும் இறக்கி, வால்வின் உட்பகுதியையும் கழற்றிய பிறகே அந்த போல்ட்டுகளில் கை வைக்க வேண்டும். எல்லா டயர் கடைகளும் இந்த வேலையை எடுத்துக்கொள்வதில்லை. எடுத்துக்கொள்ளும் கடையை முன்கூட்டியே கண்டுபிடித்து வைத்திருப்பது பாதி நிம்மதி. அச்சில் எட்டு போல்ட்டுகள் ஆறரை அங்குல வட்டத்தில் அமைந்திருப்பதால் கனரக பிக்கப் சிலவற்றின் சக்கரங்கள் பொருந்தும். ஆனால் ஹம்வி ரிம் மிகவும் உள்வாங்கியது என்பதால் வேறு ரிம் போட்டால் சக்கரம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்.

பிரேக், இழுக்கும் வண்டி வேகம் குறைக்கும்போது டிரெய்லர் முன்னோக்கித் தள்ளும் விசையாலேயே இயங்குகிறது. தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டி தேவையில்லாதது வசதிதான். எனினும் நெடுநாள் அசையாமல் நின்ற வண்டியில் அந்த விசையைக் கடத்தும் தள்ளுதண்டு இறுகிப் போயிருக்க வாய்ப்பு அதிகம். எண்ணெய் ஊற்றும்போது கவனம் வேண்டும்: இராணுவ வண்டிகளில் இருப்பது சிலிக்கோன் வகையான டாட் 5. கடையில் எளிதில் கிடைக்கும் டாட் 3, டாட் 4 ஆகியவற்றோடு அது கலக்காது. கலிஃபோர்னியாவில் 3,000 பவுண்டு மொத்த எடையைத் தொட்டாலே இதுபோன்ற சரக்கு டிரெய்லருக்கு பிரேக் கட்டாயம் என்பதால் இதைத் தள்ளிப்போட வழியில்லை.

மேலே பூசியிருக்கும் மங்கிய பச்சை அல்லது மணல் நிறம் சாதாரணப் பெயின்ட் அல்ல. இரசாயனத் தாக்குதலைத் தாங்குவதற்கென்று உருவாக்கப்பட்ட கார்க் என்னும் பூச்சு அது. தேய்த்தாலோ வெல்டிங் செய்தாலோ எழும் தூசியும் புகையும் நுரையீரலுக்குக் கேடு. கூரைக் கூடாரத்துக்கான சட்டத்தை நான் வெல்டிங் செய்யாமல் போல்ட் போட்டே நிறுத்தியதற்கு இதுவே காரணம். விளக்குகள் 24 வோல்ட், பிளக் பன்னிரண்டு முனை கொண்டது. 12 வோல்ட் எல்.இ.டி. விளக்கும் ஏழு முனை பிளக்கும் மாற்றிவிட்டால் அந்தக் கதை ஒரே மதியத்தில் முடிந்துவிடும்.

முன்பக்கம் இருப்பது மூன்று அங்குல உள்விட்டம் கொண்ட இரும்பு வளையம். உருண்டைக் கொக்கிக்குப் பதிலாக, வளையத்தைக் கவ்விப் பூட்டும் பின்டில் கொக்கி பொருத்த வேண்டும். பள்ளத்தில் பிக்கப் ஒரு பக்கமும் டிரெய்லர் மறுபக்கமும் சாய்ந்தாலும் அந்த இணைப்பு தாராளமாகத் திரும்பிக் கொடுக்கிறது. அதன் விலையாக நெடுஞ்சாலை முழுவதும் இரும்பும் இரும்பும் இடிக்கும் ஓசையைக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். ஹம்வியின் கொக்கி உயரமானது. உயரம் மாற்றத்தக்க தகட்டில் பின்டிலைப் பொருத்தி, பாரம் ஏற்றிய நிலையில் டிரெய்லர் சமமாக நிற்கும்படி வைத்தால்தான் பிரேக்கும் ஒழுங்காகப் பிடிக்கும்.

இனி பாரத்தைப் பற்றி. முறுக்கத்தால் அதிர்வைத் தாங்கும் இதன் டார்ஷன் அச்சு ஆயிரம் கிலோவுக்கு மேல் வெடிமருந்தும் உணவுப் பெட்டியும் ஏற்றுவதற்காகக் கணக்கிடப்பட்டது. கூடாரம், மெத்தை, நாற்காலி, அடுப்பு, குளிர்பெட்டி என்று நான்கு பேர் குடும்பம் கொண்டுபோகும் சாமான் இருநூறு கிலோவைத் தாண்டினாலே பெரிது. அந்த எடை அச்சுக்கு உறைக்கவே உறைக்காது. மரணப் பள்ளத்தாக்கு என்று தமிழில் அழைக்கப்படும் டெத் வேலி தேசியப் பூங்காவில், யூபிஹீபி எரிமலை வாயிலிருந்து ரேஸ்டிராக் ஏரித்தளம் வரை ஏறத்தாழ 27 மைல் மண்சாலை வரிவரியாக மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. அங்கே அரைக்கால் பாரத்தோடு போன முதல் பயணத்தில், வழியில் டீக்கெட்டில் சந்திப்பில், பயணிகள் தொங்கவிட்டிருக்கும் கெட்டில்களைப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருக்க, நான் பின்கதவைத் திறந்து பார்த்தேன். குளிர்பான டப்பாக்கள் ஒன்றோடொன்று உரசிக் கருந்தூளாகி, இரண்டில் ஊசித்துளை விழுந்து பானம் கசிந்திருந்தது. இட்லி மாவுப் பாத்திரத்தின் மூடி எங்கோ போயிருந்தது. டிரெய்லருக்கு ஒரு கீறலும் இல்லை.

இதற்கு மாற்று எடைதான். அந்தப் பாலைவனத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது நான்கு லிட்டர் தண்ணீர் வைத்துக்கொள்ளுமாறு பூங்கா நிர்வாகமே சொல்கிறது. விறகு பொறுக்கவும் தடை உண்டு. எனவே ஐந்தாறு நாள் தங்கலுக்குத் தண்ணீர், விறகு, கூடுதல் பெட்ரோல், முழு அளவு மாற்றுச் சக்கரம் ஆகியவற்றை இதிலேயே ஏற்றுகிறேன். தண்ணீர் அச்சுக்குச் சற்று முன்னால், கீழே இருக்கும். மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும் என்ற விதிக்கு அந்த இடம் ஒத்துவருகிறது. ஏற்றும் திறனில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கியதும் வண்டி நிதானமடைகிறது. மண்சாலை தொடங்கும் இடத்தில் டயர் காற்றைப் பாதியளவுக்கு இறக்கினால் பாத்திரங்கள் சத்தமில்லாமல் வருகின்றன. சுமார் 220 கிலோமீட்டர் நீளமுள்ள மொஹாவி பழம்பாதையை இந்த ஏற்பாட்டோடு கடந்தபோது, மணல் ஆழமான இடங்களிலும் அகன்ற டயர்கள் புதையாமல் மிதந்தே வந்தன.

அகலம்தான் நடைமுறையில் தொந்தரவு தருகிறது. ஹம்வியின் தடத்துக்கு ஏற்ப அமைந்தது என்பதால் நடுத்தர அளவுப் பிக்கப்பின் சக்கரம் கடந்துவிட்ட பாறையில் டிரெய்லரின் சக்கரம் மோதும். டொயோட்டா டகோமா போன்ற பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு எம்416 பொருத்தமாக இருக்கலாம். என் முழு அளவுப் பிக்கப்புக்கு இது இடைஞ்சலாக இல்லை. எதையாவது இழுத்துக்கொண்டு போனால் கலிஃபோர்னியாவில் மணிக்கு 55 மைலுக்கு மேல் போகக் கூடாது என்பதால் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து லோன் பைன் ஊருக்குப் போகும்போது 395-ஆம் நெடுஞ்சாலையில் பொறுமையும் வேண்டும்.

செலவைக் கூட்டிப் பார்த்தால் டயர், பிரேக், பின்டில், மின்வேலை, மேல்மூடி எல்லாம் சேர்ந்து ஏலத் தொகைக்குச் சமமாக வந்துவிட்டன. அப்படியும் இதே உறுதியில் புதிதாக விற்கும் முகாம் டிரெய்லர்களைவிடக் குறைவுதான். அலுமினிய உடலில் இன்றுவரை துரு இல்லை. கீல்களும் ரிவெட்டுகளும் தளரவில்லை. வருடத்துக்கு ஒருமுறை சக்கர பேரிங்குக்குக் கிரீஸ் வைப்பதோடு பராமரிப்பு முடிகிறது. வார இறுதியில் இரண்டு இரவு மட்டும் தங்குவதென்றால் இதை வீட்டிலேயே நிறுத்திவிடுகிறேன். அந்தச் சாமானுக்குப் பிக்கப்பின் பின்பெட்டியே போதும்.