கம்பத்து இலக்கத்தோடு போங்கள்: எங்கள் வட்டார உறுப்பினரின் மாதக் கூட்டம் பற்றி

என் மகள் உயர்தரம் படிக்கிறாள். பின்னேர வகுப்பு முடிந்து சைக்கிளில் வீடு வர ஏழு மணி தாண்டிவிடும். ஏ4 வீதியிலிருந்து வாவிப் பக்கம் இறங்கும் எங்கள் ஒழுங்கையின் நடுவில் ஒரு தெருவிளக்கு மாதக்கணக்கில் எரியாமல் கிடந்தது. அந்த இடத்தில் ஒரு பக்கம் ஆளில்லாத வளவு, மற்றப் பக்கம் உடைந்த மதகு. தினமும் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு படலையில் நிற்பேன். அந்த ஒரு விளக்குக்காகத்தான், எங்கள் வட்டாரப் பிரதேச சபை உறுப்பினர் மாதாமாதம் வைக்கும் இந்தக் கூட்டத்துக்கு முதல் தடவை போனேன். இதுவரை ஆறு கூட்டத்துக்குப் போய்விட்டேன். மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் எங்கள் வட்டாரத்தில் இருந்துகொண்டே இன்னும் ஒரு நாளும் போகாதவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் உறுப்பினர் முன்பள்ளியில் படிப்பித்தவர். ஊருக்கே அவர் ரீச்சர்தான். 2025 மே 6ஆம் திகதித் தேர்தலில் வந்தவர். அதற்கு முன் 2023 மார்ச்சில் பழைய சபைகளின் காலம் முடிந்து, இரண்டு வருடத்துக்கும் மேலாக நாங்கள் போய்ச் சொல்ல உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை. 2024 நவம்பர் வெள்ளத்தில் ஒழுங்கை முழங்கால் தண்ணீரில் நின்றபோதும் யாரிடம் போவது என்று தெரியாமல் ஆளாளுக்குப் போன் அடித்துக்கொண்டிருந்தோம்.

மாதத்தின் முதல் ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு, முன்பள்ளிக் கட்டடத்தில் கூட்டம். கதிரைகள் மரண உதவிச் சங்கத்தினுடையவை. பொன்னாடை, மாலை, வரவேற்புரை ஒன்றும் கிடையாது. ரீச்சர் ஒரு சீ.ஆர். கொப்பியோடு, அதுதான் தடித்த மட்டை போட்ட பெரிய கொப்பி, வந்து மேசையில் வைப்பார். இந்தக் கூட்டத்தின் உயிர் அந்தக் கொப்பிதான். ஒவ்வொரு பக்கத்திலும் அடிமட்டம் வைத்து நாலு நிரல் கீறியிருக்கிறார்: திகதி, என்ன பிரச்சினை, யாருடைய வேலை, என்ன நடந்தது. நாலாவது நிரல் வெறுமையாக இருந்தால் அதைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் ஒரு வட்டம். கூட்டம் தொடங்கியதும் போன மாதப் பக்கத்தை மேலிருந்து கீழாக வாசிப்பார். சிவப்பு வட்டம் வந்தால் அதைத் தாண்டிப் போக மாட்டார். "இது நடக்கல்ல. ஏன் நடக்கல்ல என்று சொல்றன்" என்பார். வாக்குப் போடத் தொடங்கிய நாளிலிருந்து, நடக்காத வேலையை வாசித்துக் காட்டும் ஒரு உறுப்பினரை நான் பார்த்ததில்லை.

நான் விளக்கைப் பற்றிச் சொன்னதும், "எந்தக் கம்பம் அக்கா?" என்று கேட்டார். எங்கள் ஒழுங்கைக் கம்பம் என்றேன். "கம்பத்தில நம்பர் எழுதியிருக்கும். பார்த்து அனுப்புங்க" என்றார். கம்பம் மின்சார சபைக்கு உரியது, விளக்கு பிரதேச சபையினது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். முதல் மாதம் கொப்பியில் சிவப்பு வட்டம், சபையில் பல்ப் கையிருப்பில் இல்லையாம். இரண்டாம் மாதம் பல்ப் வந்துவிட்டது, கம்பத்தில் ஆளை ஏற்றிவிடும் வாகனம் பழுது. விளக்கு எரிய மொத்தம் ஒன்பது வாரம் எடுத்தது. ஒரு பல்புக்கு அது கூடிய காலம்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் வேலை எங்கே நிற்கிறது என்று எனக்கு எந்த நேரமும் தெரிந்திருந்தது. முன்பு கடிதம் கொடுத்துவிட்டு வந்தால் அந்தக் கடிதம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது.

மாசி மாதக் கூட்டத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெள்ளாமை வெட்டும் காலம். ஏ4 வீதியோரம் நெல்லைக் காயப்போட்டு, வாகனம் ஏறாமல் இருக்கச் சுற்றிக் கல் வைப்பார்கள். இருட்டிய பிறகு அந்தக் கல்லில் மோதி ஒரு பொடியன் மோட்டார் சைக்கிளோடு விழுந்து கை முறிந்துவிட்டது. கூட்டத்தில் ஆளுக்கு ஆள் சத்தம். வயலுக்காரரைப் பொலிஸில் போடு என்றார் ஒருவர். ரீச்சர் யாரையும் ஏசவில்லை. பின்வரிசையில் இருந்த வயதான விவசாயி ஒருவரைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க ஐயா" என்றார்.

"மகள், காயாத நெல்லை யாவாரி என்ன விலைக்குக் கேட்பான் தெரியுமா? வீட்டு முத்தத்தில எவ்வளவுதான் காயப்போடுற?" என்று அந்த மனிசன் எழும்பிக் கேட்டார். சத்தம் அடங்கிவிட்டது. பிறகு அரை மணித்தியாலம் இடத்தைப் பற்றித்தான் பேச்சு. கோயில் தலைவர் கோயிலின் சீமெந்து வெளியை இரண்டு கிழமைக்குத் தர ஒத்துக்கொண்டார். வீதியோரம் போடுகிறவர்கள் பின்னேரம் ஆறு மணிக்குள் கல்லை எடுப்பது என்று அவர்களே சொன்னார்கள். எடுத்தார்களா என்று பார்க்க விளையாட்டுக் கழகப் பொடியன்கள் மூன்று பேர் பெயர் கொடுத்தார்கள். அந்த வெட்டு முடியும் வரை எங்கள் பகுதியில் வேறு யாரும் விழவில்லை. கட்டாக்காலி மாடுகள் இரவில் வீதியில் படுக்கும் பிரச்சினைக்கு மட்டும் இன்னும் ஒரு முடிவும் வரவில்லை. மாட்டுக்காரர்கள் யாரும் கூட்டப் பக்கம் வருவதில்லை.

அவசர இலக்கங்களை ஒரு தாளில் அடித்து வீடு வீடாகக் கொடுத்தார்: பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, அனர்த்தத்துக்கு 117, பெண்களுக்கு 1938. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். டெங்குச் சோதனை நடந்த மாதம், தண்ணீர் தேங்கிக் கிடந்த வீடுகளைப் பெயர் சொல்லியே வாசித்துவிட்டார். என் பக்கத்து வீட்டுக்காரி கணவன் இல்லாமல் மூன்று பிள்ளைகளோடு கூலி வேலைக்குப் போகிறவள். எல்லாருக்கும் முன்னால் அவள் முகம் கறுத்துப் போனதைப் பார்த்தேன். பிறகு அவள் கூட்டத்துக்கு வரவேயில்லை. நான் ரீச்சரிடம் நேரே போய்ச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, அடுத்த மாதத்திலிருந்து ஒழுங்கையை மட்டும்தான் சொல்கிறார். ஆனாலும் அவள் வீட்டுக்கு ஒரு தடவை போய்ப் பேசியிருக்கலாம்.

கூட்ட நேரமும் சரியில்லை. ஞாயிறு நாலு மணிக்குக் கடலுக்குப் போகிறவர்கள் வரமாட்டார்கள், கார்மண்ட்ஸுக்குப் போகும் பிள்ளைகளுக்கு உடுப்புத் தோய்க்க அந்த ஒரு நாள்தான் இருக்கிறது. வராதவர்களுக்கு வட்ஸ்அப்பில் குரல் செய்தி போடுகிறார். ஒன்பது பத்து நிமிடம் போகும். வாசிக்கத் தெரியாத முதியவர்களுக்கு அது பெரிய உதவி. மற்றவர்களுக்கு அதோடு கொப்பிப் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டால் போதும். பொலிஸ் தரப்பிலிருந்து ஒருவர் மாதாமாதம் வருவார் என்று சொன்னார்கள். ஆறில் இரண்டு தடவைதான் வந்தார். ஐஸ் போதைப்பொருள் விற்கிறார்கள் என்ற பேச்சு வந்தால் ரீச்சர், "கூட்டத்தில வேண்டாம், என்னட்ட தனிய சொல்லுங்க" என்கிறார். சொன்னவருக்கு ஆபத்து வரக்கூடாதே, அதில் நியாயம் இருக்கிறது.

இன்னொரு விஷயமும் அங்கேதான் அறிந்தேன். சபையின் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊரவரையும் சேர்க்கப் பிரதேச சபைச் சட்டத்தில் இடமிருக்கிறதாம். 1987ஆம் ஆண்டுச் சட்டம். இத்தனை வருடத்தில் எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை.

உடைந்த மதகு இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. அதற்குப் பணம் ஒதுக்கினார்களா என்று கேட்டு, 2016ஆம் ஆண்டின் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பம் எழுத ரீச்சரே பக்கத்தில் இருந்து சொல்லித் தந்தார். அவருடைய சபையைக் கேட்கும் கேள்விதான் அது. 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கொடுத்த திகதியைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறோம். ஐப்பசி மழைக்கு முன் மதகு சரிவராவிட்டால் எங்கள் ஒழுங்கைத் தண்ணீர் வாவிக்கு இறங்காது.

போகிறவர்கள் நாலுக்குப் பத்து நிமிடம் முன்னே போங்கள், மின்விசிறி முன்பக்கம் மட்டும்தான். விளக்குப் பிரச்சினை என்றால் கம்பத்து இலக்கத்தை எழுதிக்கொண்டு போங்கள். உங்களுக்கு மாடு இருந்தால் கட்டாயம் வாருங்கள்.